உம்மா சிறு விமானத்தில் ஏறிய நாள்

நாம் கூடினால் பேச்சு எப்படியும் அங்கேதான் போய் நிற்கிறது. வளைகுடாவில் வளர்ந்தவர்களுக்கு அது ஒரு வியாதி. சுரண்டும் தொலைபேசி அட்டை, அதில் நகத்துக்கடியில் ஒட்டும் வெள்ளித்தூள், பள்ளிப் பேருந்தின் சூடான ரெக்ஸின் இருக்கை, பெரிய பெருநாளுக்குத் தைத்த ஜிகினாச் சட்டை. எல்லாம் எங்கே போயிற்று என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொள்கிறோம். நமக்கெல்லாம் முன்முடி நரைத்துவிட்டது. வாசிக்கக் கண்ணாடி தேவைப்படுகிறது. ஆனாலும் அந்த ஊர்களைப் பற்றிப் பேசும்போது குரல் மட்டும் ஆறாம் வகுப்புக் குரலாகிவிடுகிறது.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் உங்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள். "உங்க ஊர்லதானே வருஷா வருஷம் குட்டிக் குட்டி ப்ளேனா வரும்? நாங்க ஷார்ஜாவுலேர்ந்து பஸ்ஸு புடிச்சு வந்து பாத்தோமே. ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்றேன். அதற்கு மேல் பேசாமல் பந்திக்கு எழுந்து போய்விட்டேன். அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்திருக்கும். சொல்லாமல் போனதை இப்போது சொல்கிறேன்.

துபாயிலிருந்து வடக்கே போனால் வரும் சிறிய ஊர்களில் ஒன்று அது. ஒரு பக்கம் சேற்றுக்கடல், ஒரு பக்கம் மணல். இரண்டுக்கும் நடுவே நெடுஞ்சாலை. சாலையோரம் ஒரு குட்டி விமானத்தளம் இருந்தது. பயணிகள் வருகிற நிலையம் இல்லை. ஒற்றை ஓடுபாதை, தகரக் கொட்டகைகள், காற்றின் திசை காட்ட ஊதிப் பறக்கும் ஆரஞ்சு நிறத் துணிக்குழாய். வேலியோரம் எந்தக் காலத்திலோ வந்து இறங்கி மறுபடி எழும்பாமல் போன பெரிய சரக்கு விமானம் ஒன்று, சக்கரம் மணலில் புதைய, கண்ணாடி இல்லாத ஜன்னல்களோடு நின்றது. காற்றடிக்கும் நாளில் அதற்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல் சத்தம் வரும். நான் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன்.

விமானத்தளத்துக்கு எதிரில் எங்கள் வாப்பாவின் தேநீர்க் கடை. கேப்டீரியா என்றுதான் எழுதியிருக்கும். பரோட்டா, முட்டை, கரக் சாயா. மாடியில் நாங்கள் குடியிருந்தோம். வாப்பா, உம்மா, நான். அப்போது என் தம்பி பிறக்கவில்லை. எனக்குப் பதினோரு வயது இருக்கும்.

கடைக்கு விசா கொடுத்த கஃபீல் ஒரு வயதான அரபி. ஊருக்குள் இருந்த எல்லோரும் முதலாளியை அழைப்பதுபோல் நாங்களும் அவரை அர்பாப் என்போம். மணலுக்குள்ளே அவருக்குத் தோட்டங்களும் ஒட்டகப் பட்டிகளும் இருந்தன. தண்ணீர் லாரி ஓட்ட ஆள் வேண்டும் என்று அவர் கேட்டபோது, வாப்பா கீழக்கரையிலிருந்து உம்மாவின் தம்பியை வரவழைத்தார். அவர்தான் என் குட்டி மாமா.

குட்டி மாமா சிரித்தால் கண் காணாமல் போய்விடும். அர்பாபின் ஆட்கள் தங்கும் கேம்ப்பில், புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தார். பட்டிகளுக்கெல்லாம் தண்ணீர் அடித்துவிட்டு, வியாழக்கிழமை சாயந்திரமானால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். லாரியின் தொட்டி நல்ல நீல நிறம். கடை வாசலில் அது வந்து நின்றால், சூடான டீசலும் ஈர ரப்பரும் கலந்த வாசம் மாடிவரை ஏறும். குளிர்காலத்து வியாழக்கிழமைகளில் என்னை முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு வேலியோரம் போய் நிறுத்துவார். இரண்டு இருக்கை, நான்கு இருக்கை விமானங்கள் கிளம்பி மணல்பக்கம் போய்த் திரும்பி வரும்.

"பட்டில நான் தண்ணி அடிக்கையில தலைக்கு மேலயே போவாங்க ளா. கையைக் காட்டினா ரெக்கைய ஆட்டுவாங்க" என்பார். பெண்பிள்ளைகளை எங்கள் ஊரில் 'ளா' போட்டுத்தான் பேசுவார்கள்.

"பொய்."

"அல்லா மேல ஆணையா. இந்தப் பக்கம் ஒரு தடவ, அந்தப் பக்கம் ஒரு தடவ."

அந்த வருஷம் கோடைகாலத்தின் கடைசியில், ஒரு வியாழக்கிழமை அவர் வரவில்லை.

உம்மா மீன் ஆணம் காய்ச்சி வைத்திருந்தாள். இரவானது. மறுநாள் காலையில் புதுக்கோட்டை அண்ணன்தான் கடைக்கு ஓடிவந்தார். லாரியும் வரவில்லை, ஆளும் வரவில்லை, போன் போகவில்லை என்றார். வாப்பா அர்பாபின் மேனேஜருக்குப் பேசினார். கடைசித் தோட்டத்தில் இருந்த பாகிஸ்தானிக் காவலாளி, தண்ணீர் அடித்து முடித்து லாரி கிளம்பிப் போயிற்று என்று சொன்னானாம். அதற்குப் பிறகு பார்த்தவர் யாரும் இல்லை.

தேடவில்லை என்று சொல்ல முடியாது. தேடினார்கள். ஓடிப்போன ஒருவனைத் தேடுகிற இடங்களில் தேடினார்கள். ஓமான் எல்லையில், பழைய வண்டிகளை உடைக்கிற பேட்டையில், வேறு ஊர்க் கேம்ப்புகளில். சில நாள் கழித்து, லாரியோடு தலைமறைவாகிவிட்டான் என்று அர்பாப் தரப்பில் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அங்கே அது வழக்கம். ஆள் காணாமல் போனால் முதலில் அதைத்தான் செய்வார்கள்.

வாப்பா அதை நம்பினார். நம்பினாரா, நம்ப வேண்டியிருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குட்டி மாமாவை வரவழைத்தது வாப்பா. கடையின் விசாவும் அர்பாபின் கையில். அர்பாப் ஒரு கோபச் சொல்கூடச் சொல்லவில்லை. அதுவே வாப்பாவுக்கு இன்னும் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். ஒருநாள் ஊருக்குப் போன் போட்டு, உம்மாவின் வாப்பாவிடம் சொல்லிவிட்டார்.

"ஓங்க மகன் வண்டியத் தூக்கிட்டு ஓடிட்டான் மாமா. எங்களத் தலைகுனிய வச்சிட்டான்."

குட்டி மாமாவுக்கு ஊரில் பெண் பேசி வைத்திருந்தார்கள். செய்தி போன சில வாரங்களில் அந்தப் பெண்ணை வேறொருவருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

உம்மா நம்பவில்லை. அவள் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிறவள் இல்லை. மாவு பிசைந்துகொண்டே சொல்வாள். "கல்யாணத்துக்குன்னு வாங்குன சட்டை ரூம்ல மடிச்சபடி கெடக்கு. அத்தரு குப்பி தொறக்காமக் கெடக்கு. ஓடுறவன் இதையெல்லாம் விட்டுட்டா ஓடுவான்?"

"திருட்டு வண்டில சட்டை எடுத்துட்டு வர நேரம் இருக்குமா?" என்பார் வாப்பா.

"என் தம்பி திருடன் இல்ல."

"அப்ப எங்க அவன்?"

 வாப்பா குரலை உயர்த்தாமலேதான் கேட்பார். பிறகு இருவரும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். கொஞ்ச நாளில் வாப்பா அந்தப் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார். உம்மா மட்டும் வியாழக்கிழமைகளில் ஒரு தட்டு கூடுதலாகக் கழுவி வைத்தாள். சாலையில் தண்ணீர் லாரி எது போனாலும் அடுப்பை விட்டு ஜன்னலுக்கு வந்துவிடுவாள். பால் பொங்கி வழிந்து கருகும் வாசம் அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எப்போதும் இருந்தது. என்னையும் அது பிடித்துக்கொண்டது. பள்ளிப் பேருந்தில் போகும்போது நீல நிறமாக எதைக் கண்டாலும் இருக்கையை விட்டு எழுந்துவிடுவேன்.

குளிர் வந்ததும் விமானக் கூட்டத்துக்குத் தட்டி கட்டினார்கள். வருஷத்துக்கொரு வெள்ளிக்கிழமை நடக்கும். நீங்களெல்லாம் பஸ் பிடித்து வந்தது அதற்குத்தான். ஊர் மக்கள் யாரும் வரலாம், நுழைவுச் சீட்டு கிடையாது. துபாயிலிருந்தும் பஹ்ரைனிலிருந்தும் கத்தாரிலிருந்தும் சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவர்கள் பறந்து வந்து வரிசையாக நிறுத்துவார்கள். வெள்ளைக்காரர்கள், லெபனான்காரர்கள், வார இறுதியில் விமானம் ஓட்டப் படிக்கும் உள்ளூர் இளைஞர்கள். ரிமோட்டில் பறக்கும் பொம்மை விமானங்கள் ஒருபக்கம், முதுகில் விசிறி கட்டிக்கொண்டு குடையில் பறப்பவர்கள் ஒருபக்கம். பிள்ளைகளைக் காக்பிட்டில் உட்காரவைத்துப் படம் எடுப்பார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சாயாவும் சமோசாவும் கொடுப்பது எங்கள் கடையின் வேலை.

அந்த வருஷம் ஏற்பாட்டாளர் ஒருவர் முந்தைய நாள் கடைக்கு வந்து, சாயாக்காரர் குடும்பத்துக்கு எங்கள் அன்பளிப்பு என்று, விமானத்தில் ஒரு சுற்று போய்வர இரண்டு பேருக்கான அட்டையைக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாப்பாவும் நானும் போவதென்று முடிவானது.

அன்று சாயந்திரம் புதுக்கோட்டை அண்ணன் கடைக்கு வந்திருந்தார். உம்மா மாடிப்படியில் பாதிவரை இறங்கி நின்று அவரிடம் கேட்டாள்.

"தம்பி, அந்தக் கடைசித் தோட்டம் எந்தப் பக்கம் இருக்கு?"

"செம்மண்ணு மாதிரி மணல் மேடு ஒண்ணு வருங்கக்கா. அதத் தாண்டி. ரோடு சுத்திக்கிட்டு வரும். மேட்டுக்குள்ளாற புகுந்து வந்தா சீக்கிரம் வந்துறலாம்னு சொல்லுவாங்க. ஆனா மணலு நெலையில்லக்கா. இன்னிக்கு இருக்குற தடம் நாளைக்கு இருக்காது."

"வியாழக்கெழம அவன் சீக்கிரம் வரத்தானே பாப்பான்?"

அண்ணன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் விமானத்தளம் நிறைந்துவிட்டது. ஒலிபெருக்கியில் அரபியும் ஆங்கிலமும் மாறி மாறி. விமான எரிபொருளுக்கு ஒரு தனி வாசம் உண்டு, கொஞ்சம் இனிப்பாக, தலைவலிக்கிற மாதிரி. அதோடு சமோசா எண்ணெய் வாசம். பெரிய மனிதர்களுக்கென்று போட்ட கூடாரத்தில், தரைவிரிப்பில், அர்பாப் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். வாப்பா அவருக்குத் தானே சாயா கொண்டுபோய்க் கொடுத்தார்.

எங்களை ஏற்றிக்கொள்ளும் விமானத்தை ஓட்டியது ஒரு பெண். தென்னாப்பிரிக்காக்காரி. நரைத்த முடியை ஆண்பிள்ளைபோல் வெட்டியிருந்தாள். கையெல்லாம் வெயில் புள்ளிகள். அவளைப் பார்த்ததும் உம்மா வாப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"நான் போறேன்."

"நீயா? லிப்ட்டுல ஏறவே கண்ண மூடிக்குவே!"

"ஓட்டுறது பொம்பளதானே. நானும் புள்ளையும் போறோம்."

வாப்பா சிரித்தார். கூட்டத்தில் சாயாவுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். யோசிக்க அவருக்கு நேரமில்லை. "சரி, போயிட்டு வா. வாந்தி வந்தா என்னயச் சொல்லக் கூடாது" என்றார். தன் மனைவி கடைசியில் கொஞ்சம் மனம் தேறிவிட்டாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

முன்னிருக்கையில் பைலட்டம்மாவுக்குப் பக்கத்தில் உம்மா. பின்னால் நான். உள்ளே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்க, மைக் வைத்த காதுக்கருவியை அவள் முக்காட்டுக்கு மேலேயே மாட்டிவிட்டார்கள். கதவைச் சாத்தியதும் உம்மா பேசினாள். அவள் அந்த அளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஏளா, நான் சொல்றத அப்படியே அவங்ககிட்ட சொல்லு. எந்தம்பி தண்ணி லாரி ஓட்டப் போனவன் வரல. ஓடிட்டான்னு சொல்றாங்க. மணலுக்குள்ள மாட்டிக்கிட்டான்னு எனக்குத் தோணுது. செம்மணல் மேட்டுக்கு மேல ஒரு தடவ போகணும். லாரி நீலக் கலரு."

ஆங்கிலத்தில் சொன்னேன். பைலட்டம்மாவின் கை ஏதோ குமிழைத் திருகப் போய் அப்படியே நின்றது. எப்போது காணாமல் போனார் என்று கேட்டாள். கோடை முடிவில் என்றேன். அவள் உம்மாவின் பக்கம் திரும்பினாள். இத்தனை மாதம் கழித்து எதைத் தேடுகிறோம் என்பது அவளுக்கு அப்போதே புரிந்திருக்கும். எனக்குத்தான் புரியவில்லை. குட்டி மாமா லாரிக்குப் பக்கத்தில் நின்று கையாட்டுவார், நாங்கள் இறக்கையை ஆட்டுவோம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் ரேடியோவில் விமானத்தளக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "உன் அம்மாவிடம் சொல். போகிறோம்" என்றாள்.

தரை விட்டோம். கடை தீப்பெட்டியாயிற்று. சாலை நாடாவாயிற்று. பிறகு மணல் மட்டும். மேலிருந்து பார்த்தால் மணல் அசையாத கடல்தான். வரிவரியாக, மடிப்பு மடிப்பாக. எங்கள் விமானத்தின் நிழல் சிலுவைபோல் அதன்மேல் ஏறி இறங்கி ஓடியது. பச்சைச் சதுரங்களாகத் தோட்டங்கள் வந்தன, போயின. பிறகு மணல் சிவக்கத் தொடங்கியது. உம்மா நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய மூச்சு என் காதுக்கருவிக்குள் கேட்டது. அந்த மூச்சை இப்போதும் சில வேளைகளில் கேட்கிறேன், போனை யாராவது பேசாமல் பிடித்துக்கொண்டிருந்தால்.

பைலட்டம்மா தாழ்வாக ஒரு வட்டம் போட்டாள். ஒன்றும் இல்லை. இன்னும் உள்ளே தள்ளி இன்னொரு வட்டம்.

"அந்தா" என்றாள் உம்மா.

இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம். அதில் நீலம். பாதித் தொட்டிவரை மணல் மூடியிருந்தது. சாலையில் போகிறவன் ஆயிரம் தடவை போனாலும் அது தெரியாது. மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். தொட்டியின் மேல் ஏணியில் கட்டி, ஒரு வெள்ளைக் கைலி விரித்திருந்தது. காற்றில் கிழிந்து நாலைந்து நாடாக்களாக ஆடியது. லாரிக்குச் சற்றுத் தள்ளி மணலில், டயரை எரித்த கறுப்பு வளையம்.

யாரும் கையாட்டவில்லை.

"எறக்கச் சொல்லு" என்றாள் உம்மா.

சொன்னேன். பைலட்டம்மா தலையசைத்தாள். மணலில் இறக்க முடியாது, சக்கரம் புதைந்துவிடும் என்றாள்.

"எறக்கச் சொல்லு ளா! எந்தம்பி கீழ இருக்கான், எறக்கச் சொல்லு!"

உம்மா உள்ளங்கையால் கண்ணாடியை அறைந்தாள். பிறகு அவள் கை கதவின் பிடிக்குப் போயிற்று. பைலட்டம்மா சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். திட்டவில்லை, கத்தவில்லை. ஒரு கையால் விமானத்தைத் திருப்பினாள். இன்னொரு கை, தரையில் சக்கரம் படும்வரை, உம்மாவின் மணிக்கட்டை விடவே இல்லை. அப்படியே ரேடியோவில் இடத்தைச் சொன்னாள்.

இறங்கியபோது ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பொம்மை விமானம் குட்டிக்கரணம் அடித்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அதே கூட்டம், அதே சமோசா வாசம். உம்மா வரிசையாக நின்ற விமானங்களுக்கு நடுவே நேராக நடந்தாள். முக்காடு சரிந்ததைக்கூட இழுத்துக்கொள்ளவில்லை. வாப்பா கையில் சாயாத் தட்டோடு எதிரே வந்தார்.

"என்ன, பயந்துட்டியா?"

"கண்டேன்."

"என்னத்த?"

"ஓடிப்போனவன."

வாப்பாவின் முகத்தில் ரத்தம் வற்றியதை அன்றுதான் பார்த்தேன். முதலில் அவர் கண் கூடாரத்துப் பக்கம் போயிற்று. "மெதுவா" என்றார். "அர்பாப் இருக்காரு. நான் அப்புறமாப் பேசுறேன்."

உம்மா அவரைக் கடந்து போனாள். பைலட்டம்மா கூடவே வந்தாள். கூடாரத்துக்குள் உம்மா நுழைந்ததும் பேச்சு நின்றது. அவளுக்குத் தெரிந்த அரபி கொஞ்சம்தான். "அர்பாப். சையாரா மவ்ஜூத். அகூய் மாஃபி ஹராமி." வண்டி இருக்கிறது. என் தம்பி திருடன் இல்லை.

அர்பாப் கோபப்படுவார் என்று நான் வாப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். பைலட்டம்மாவும் அவருடைய பேரன் ஒருவனும் மிச்சத்தை விளக்கினார்கள். அவர் ஊன்றுகோலை எடுக்காமலேயே எழுந்தார். மகன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "யல்லா, யல்லா" என்று அவர் போட்ட சத்தத்தில், மணலில் ஓடும் வண்டிகள் வைத்திருந்தவர்கள் எல்லோரும் கிளம்பினார்கள். போலீஸ் வண்டி முன்னால். புதுக்கோட்டை அண்ணன் ஒன்றில் ஏறிக்கொண்டார். வாப்பாவும் ஏறினார். பைலட்டம்மா வழி காட்ட மறுபடி மேலே போனாள். உம்மாவை மட்டும் ஏற்றவில்லை. அவள் ஓடுபாதை ஓரத்தில், மணலில், என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் லாரிக்கு அடியில், நிழலில் இருந்தாராம். ஒருக்களித்துப் படுத்தபடி.

மற்றதெல்லாம் புதுக்கோட்டை அண்ணன் உம்மாவிடம் சொன்னதுதான். தண்ணீர் முழுவதையும் தோட்டத்தில் அடித்துவிட்டுத் திரும்பிய வண்டி. தொட்டியின் வால்வு திறந்து கிடந்தது. உள்ளே ஈரம்கூட இல்லை. ரேடியேட்டர் மூடியும் திறந்திருந்தது. "அதையும் குடிச்சிருக்காருக்கா" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். பிள்ளைக்குப் புரியாது என்று நினைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து பைலட்டம்மா கடைக்கு வந்தாள். சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். கைலியைக் கட்டியதும் டயரை எரித்ததும் எங்களுக்காகத்தான் என்றாள். எங்களுக்கென்றால் யாருக்கு என்று கேட்டேன். "விமானங்களுக்கு. அந்த மேட்டுக்கு மேல்தான் நாங்கள் பறந்து பழகுவோம். அவருக்கு அது தெரிந்திருக்கிறது." பிறகு சொன்னாள்: "கோடையில் நாங்கள் அந்தப் பக்கம் போவதில்லை. சூடு தாங்காது. பருவம் தொடங்கியும் இந்த வருஷம் கடல் பக்கமே பறந்துகொண்டிருந்தோம்."

இதை உம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். உம்மா எழுந்து வந்து, அந்தப் பெண்ணின் கையிலிருந்த ஆறிப்போன சாயாவை வாங்கிக் கொட்டிவிட்டு, புதிதாக ஊற்றிக் கொடுத்தாள். அதன் பிறகு வந்த கோடைகளில், விடியற்காலையில் ஒற்றை விமானம் ஒன்று மணல் பக்கம் போய்வரும் சத்தம் மாடியில் கேட்கும். யார் என்று நாங்கள் விசாரித்ததில்லை.

அர்பாபும் வந்தார். கடைக்குள் அவர் உட்கார்ந்ததே அன்றுதான். புகாரைத் திரும்ப எடுத்துவிட்டதாகச் சொன்னார். கண்களைத் துடைத்துக்கொண்டார். விசாவைப் பற்றி யாரும் பேசவில்லை. அவருக்குப் பயந்துதான் வாப்பா அத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார். முன்பே கேட்டிருந்தால் அவர் ஆள் அனுப்பியிருப்பாரோ, மாட்டாரோ. இப்போது நான் வாப்பாவின் அந்த வயதைத் தாண்டிவிட்டேன். வேலையும் விசாவும் ஒரே ஆளின் கையில் இருக்கும்போது மனிதன் எதையெல்லாம் கேட்காமல் இருந்துவிடுவான் என்பது எனக்கும் தெரியும்.

அந்த ஊர் மையவாடியிலேயே அடக்கம் செய்தார்கள். ஆண்கள் போய்வந்தார்கள். அன்று அசர் தொழுகைக்குப் பிறகு கடை மூடியிருந்தது. உம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த போனை வாப்பாவின் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"ஊருக்குப் பேசுங்க."

"நீ பேசு. ஒன் வாப்பாதானே."

"நீங்க சொன்னத நீங்கதான் திருப்பி எடுக்கணும்."

வாப்பா அட்டையைச் சுரண்டினார். எண்களை அழுத்தும்போது இரண்டு தடவை தப்பாகப் போயிற்று. மறுமுனையில் உம்மாவின் வாப்பா எடுத்தார். அந்தப் போனில் குரல் வெளியில் கேட்கும். பேசியதெல்லாம் எங்களுக்கும் கேட்டது.

"மாமா... ஓங்க மகன் ஓடல. நான் சொன்னது தப்பு. வண்டி மணல்ல மாட்டிருச்சு. மவுத்தாயிட்டான் மாமா. நாங்க யாரும் போய்ப் பாக்கல. நான் பாக்கல."

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும். அட்டையில் காசு தீர்ந்துவிட்டதோ என்று நான் நினைத்தேன். பிறகு பாட்டனாரின் குரல் வந்தது. அழவில்லை, திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவன் ஓட்டுனது தண்ணி வண்டிதானே மாப்புள? அதுல தண்ணி இருந்துச்சா?"

வாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா அவரைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

"இருந்துச்சு மாமா" என்றார் வாப்பா. "நெறைய இருந்துச்சு. தாகத்தோட போகல. வெயிலு தாக்கி, தூக்கத்துலயே போயிட்டான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றது அந்தக் குரல்.

வாப்பா சொன்னது எதுவானாலும் ஒரு வார்த்தை திருத்துகிறவள் உம்மா. அன்று அவள் வாயைத் திறக்கவில்லை. வாப்பா போனை வைத்துவிட்டு, மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். உம்மா போய் அவருடைய முதுகில் கையை வைத்தாள். அத்தனை மாதங்களில் அவள் அவரைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பாட்டனார் அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்பார். "நீயும் அங்கதானே இருந்தே? எம்புள்ள தண்ணி குடிச்சிட்டுத்தானே போனான்?"

ஆமாம் என்பேன். கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டார். அப்போதும் ஆமாம் என்றேன்.